மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கட்டம் ஆகாது

கலியாண உடுப்பு விஷயத்தில் மாப்பிள்ளைக்குச் சொந்த ரசனை இருக்கக்கூடாது. இருந்தாலும் வெளியே காட்டக்கூடாது. நான் காட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் ஹவுன்ஸ்லோவில் குடியிருந்துகொண்டு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கேயே டிக்கெட் கவுண்டரில் இருந்த ஐலாவைத்தான் கட்டப்போகிறேன். ஐலா ஸ்கொட்லாந்துக்காரி. அவளுடைய அப்பா எங்கள் கலியாணத்துக்குச் சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டெலிபோனில் என் குரல் கேட்டால் மழையைப் பற்றி விசாரித்துவிட்டு, “மகளிடம் கொடுங்கள்” என்பார். அந்த மனிதர் வாயால் ஒரு நல்ல சொல் வாங்கிவிட வேண்டும் என்று நான் தவியாய்த் தவித்தேன்.

கலியாணம் நெருங்கிய சமயம் ஐலா ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து தந்தாள்.

“இது எங்கள் குடும்பத்து டார்ட்டன். பதிவுத் திருமணத்துக்கு நீங்கள் இதில் கில்ட் உடுத்தலாம் என்று அப்பா சொன்னார்.” (அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு விளங்கின அளவுக்குத் தமிழில் தருகிறேன். விளங்காத அளவுதான் இந்தக் கதை.)

டார்ட்டன் என்றால் கட்டம் போட்ட கம்பளித் துணி. அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் கட்டமும் நிறமும் மாறும். கில்ட் என்பது அதில் தைத்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை. ஐலா வீட்டுக் கட்டம் கறுப்பும் கரும்பச்சையும். மழைக்கால இரவில் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த அம்மாவிடம் காட்டினேன்.

“கலியாணத்துக்குக் கறுப்போ? செத்தவீட்டுக்கே போறாய்?”

“அவையின்ர குடும்ப வழக்கமாம் அம்மா.”

“அது அவையின்ர வழக்கம். எங்கட வழக்கத்தில மாப்பிள்ளை கறுப்பு உடுக்கிறேல்லை. வேற நிறம் பார்.”

அம்மா சொன்னதற்காக மாற்றினேன் என்று அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பலாம். உண்மையில் எனக்கே அந்த நிறம் பிடிக்கவில்லை. உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் மஞ்சளும் குங்குமச் சிவப்புமாக ஒரு கில்ட் தொங்கியது. தேர்த்திருவிழாவே ஆணியில் தொங்குகிற மாதிரி. எந்தக் குடும்பத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார். எந்தக் குடும்பம் என்றாலும் பரவாயில்லை என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, இதை யாரும் உடுக்கலாம் என்றார். ஐலாவுக்குச் சொல்லவில்லை. (சர்ப்ரைஸாம்! மண்டைக்குள் மண் இருந்தால்கூட ஏதாவது முளைத்திருக்கும்.)

அன்று காலை அம்மாதான் உடுத்திவிட்டார். மடிப்பெல்லாம் பின்னுக்குப் போயிருந்தது அவருக்குச் சரியாகப் படவில்லை.

“கொசுவம் முன்னுக்கெல்லோ வரவேணும். திரும்பி நில்.”

காலமெல்லாம் சேலை உடுத்தவரோடு யார் வாதாடுவது? கில்டை அப்படியே சுற்றி முன்பக்கம் கொண்டுவந்தோம்.

பதிவுக் கந்தோர் வாசலில் பாக்பைப் என்ற ஸ்கொட்லாந்துக் குழல்வாத்தியம் வாசிப்பவர் நின்றார். ஐலாவின் அப்பா ஒழுங்கு செய்திருந்த ஆள். அந்த வாத்தியக்காரர் உடுத்திருந்ததும் அதே மஞ்சள், அதே சிவப்பு. ஐலாவின் பெரியத்தை ஒருவர் என் கையைப் பிடித்து, “உங்கள் வாத்தியத்தை எங்கே வைத்துவிட்டீர்கள்?” என்று அன்பாகக் கேட்டார். ஐலா என்னைப் பார்த்தாள். பிறகு பூச்செண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. மெல்லக் கிட்ட வந்தார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

“எங்கள் துணி உங்களுக்குப் பிடிக்கவில்லையா?”

“கறுப்பு... அம்மாவுக்கு...” என்று இழுத்தேன்.

“எங்கள் வீட்டில் பெண் எடுக்கிறவனுக்கு நாங்கள் அதை உடுக்கச் சொல்வது, நீயும் எங்களில் ஒருவன் என்று சொல்வதற்கு. எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.”

ஒரு வருஷமாக நான் காத்திருந்த நல்ல சொல் துணியாக வந்திருக்கிறது. நிறம் சரியில்லை என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தோடு அம்மா பக்கம் திரும்பினேன்.

“என்னவாம் அவர்?” என்றார் அம்மா.

“அது அவை எனக்குத் தந்த கலியாணக் கூறை மாதிரி அம்மா.”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. “கூறையையோ வேண்டாம் எண்டனி? அறிவு கெட்டவனே. கறுப்பெண்டாலும் கூறை கூறைதான். போய் உடுத்துக்கொண்டு வா.”

எதை உடுப்பது? அந்தக் கறுப்புக் கட்டத்தில் அங்கே இருந்த ஒரே கில்ட் ஐலாவின் அப்பாவின், அதாவது என் மாமாவின், இடுப்பில் இருந்தது. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் என் முழங்கையைப் பிடித்து ஆண்கள் கழிவறைக்குள் இழுத்துப்போனார்.

மாமனும் மருமகனும் முதன்முதலாக மனம்விட்டுப் பேசியது சட்டையும் காலுறையுமாக நின்ற அந்த நேரத்தில்தான். மடிப்பு பின்னுக்குத்தான் வரவேண்டும் என்று அங்கேதான் படித்தேன். அவருடைய கில்ட் என்னை ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றியது. அம்மா தன் காப்பில் கோத்திருந்த ஊக்குகளைக் கதவிடுக்கால் நீட்டினார். என்னுடையது அவருக்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அம்மா யோசிக்கவில்லை. எனக்கென்று கொண்டுவந்த பட்டுச் சால்வையையும் உள்ளே நீட்டினார். அதை அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டேன்.

வெளியே வந்தபோது மாமா கோயில் தர்மகர்த்தா மாதிரி இருந்தார். எங்கள் ஆட்கள் தம்மையறியாமல் எழுந்து கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார். ஐலாவுக்குப் பதிவுசெய்யும் பெண்மணி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே முடியவில்லை. சிரிப்பு அடங்கும்வரை அந்தப் பெண்மணியும் பேனாவோடு காத்திருந்தார்.

விருந்து முடிந்ததும் கில்டைக் கழற்றித் தருவதாக மாமாவிடம் சொன்னேன். “அது உன்னுடையது” என்றார். சால்வையை மட்டும் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன்.

“அது சம்பந்தி எனக்குத் தந்தது. உனக்கென்ன வேலை?”

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கலியாணம் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. சால்வை இடுப்பில், கை கூப்பியபடி, வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்பார். ஒருமுறை லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸில், ஒரு கலியாணத்தில் அப்படி அரைமணி நேரம் நின்ற பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக் கலியாணமே இல்லை என்று கண்டுபிடித்தோம். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுப் பெரியவர் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்றும் நினைத்து, முதல் பந்தியில் உட்காரவைத்திருந்தார்கள்.