அக்கா கல்யாணத்தில் எதிர்ப்பக்கம் சுற்றிய காற்றாடி

படித்த படிப்பைச் சொந்தக்காரர் கல்யாணத்தில் காட்டக் கூடாது. இந்த ஞானம் எனக்கு இருபத்து நான்காவது வயதில் வந்தது. ஒரு மண்டபம் நிறைய ஆட்களை இருமவைத்துவிட்டுத்தான் வந்தது.

எண்பதுகளில் மின்கம்பி வேலைகளை எடுத்துச் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் புது இன்ஜினியர். குழுவில் ஒரே பெண். (ஹெல்மெட் எனக்கு மட்டும் பொருந்தாது, கொண்டை இடிக்கும்.) அப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் தெரு ஒன்றில் ஒரு வேலை வந்தது. தெருவுக்கு மின்சாரம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகளில் வருகிறது. அந்தத் தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் சிவப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கம்பிக்கு மூச்சு முட்டியது, மற்ற இரண்டும் சும்மா கிடந்தன. மின்சாரம் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே சூடாகி வீணானது. வீடுகளை மூன்றுக்கும் சமமாகப் பிரித்துவிட்டால் அந்த இழப்பு குறையும். நாட்டையே நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பில் திரிந்தேன்.

அந்தத் தெருக் கோடியில்தான் அக்காவின் கல்யாண மண்டபம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அதன் இணைப்பையும் மாற்றினோம். மூன்று கம்பிகளும் பழைய வரிசையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கருவி வேனில் இருந்தது. என் ரவிக்கை தையல்காரரிடம் இருந்தது. அவர் கடையை மூடும் நேரம். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, கூரையில் காற்றாடி சுற்றியது.

"ஓகே லா, போலாம்" என்றேன்.

வரிசை மாறினால் விளக்குக்கும் வீட்டுக் காற்றாடிக்கும் ஒன்றும் ஆகாது. மூன்று கம்பியிலும் ஓடுகிற பெரிய மோட்டார் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அப்படியொரு மோட்டார், சமையற்கட்டுச் சுவரில் புகையை வெளியே தள்ளும் ராட்சதக் காற்றாடியில் இருந்தது. எனக்குத் தெரியாது. (தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.)

மாப்பிள்ளை வீட்டார் கிள்ளான் ஊர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. நிச்சயதார்த்தத்தின்போதே என்னைக் காட்டி, "பொம்பளப் பிள்ளைக்கு போஸ்ட்ல ஏறுற வேலையா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து என் அப்பாவுக்குத் தூக்கம் போனது. என்னால் இந்தச் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயம். எனவே கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் அப்பா பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, நல்ல பெயர் வாங்கப் பார்த்தேன்.

"மாமா, இந்த மண்டபத்துக் கரண்டு லைன் நான் சரி பண்ணதுதான். இனிமே கரண்டு வேஸ்ட் ஆகாது."

"அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. அதே நேரத்தில் சமையற்கட்டில் பெரிய கடாயில் காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டு, காற்றாடியையும் தட்டிவிட்டார்கள்.

மேடைக்குப் பக்கத்திலிருந்த சமையற்கட்டுக் கதவு படாரென்று திறந்து, மிளகாய் நெடி மொத்தமாக மண்டபத்துக்குள் வந்தது. நாதஸ்வரக்காரர் மூச்சை இழுக்கும் நேரம் பார்த்து வந்ததால், வாத்தியம் ஆடு கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டு நின்றது. ஐயர் மந்திரத்துக்கு நடுவே தும்மினார். அட்சதை தூவவேண்டிய கைகள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. எரிச்சலில் கண்ணைத் திறக்க முடியாத மாப்பிள்ளை, முதல் முடிச்சில் அக்காவின் சடையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். "யாரு லா காத்தாடியில கை வெச்சது? வெளிய தள்ள வேண்டியது உள்ள ஊதுது!"

மைக் செட்காரரிடம் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடினேன். காற்றாடியின் சுவிட்சை அணைத்துவிட்டு, பட்டுப் புடவையை இழுத்துச் செருகி, அரிசி மூட்டைமேல் ஏறி, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் இரண்டை இடம் மாற்றினேன். மறுபடி போட்டதும் புகை அடங்கி ஒடுங்கி வெளியே போனது.

திரும்பினால் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா. கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"நீ சரி பண்ணதுன்னு சொன்னியே, அது இதுதானா மா?"

"ஆமா மாமா" என்றேன். பின்னால் என் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்றும் இழுத்தார்.

"ரயில்வேயில சேர்ந்த நாள்லேருந்து மூக்கடைப்பு மா. எத்தனை டாக்டர், எத்தனை மருந்து! இன்னிக்குத்தான் திறந்திருக்கு!"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. அவர் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். திங்கட்கிழமை பொறுப்பாகப் போய், தெருவில் கம்பிகளின் வரிசையை முறைப்படி சரிசெய்தேன். சமையற்கட்டில் நான் மாற்றிவைத்த இரண்டு ஒயர்களைச் சுத்தமாக மறந்துபோனேன். இரண்டு திருத்தமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, அடுத்த ஞாயிறு அதே மண்டபத்தில் கல்யாணம் செய்தவர்கள் இருமி இருமிக் கண்டுபிடித்தார்கள்.

அக்காவின் கல்யாண ஆல்பத்தில் இரு வீட்டாரும் எல்லாப் படத்திலும் கண்ணீர் விடுகிறார்கள். மாப்பிள்ளைதான் அதிகம். பார்க்கிறவர்கள், "என்ன பாசமான குடும்பம்!" என்பார்கள். அக்கா மறுப்பதே இல்லை.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. மணவறையிலிருந்து பார்க்கிறேன், மெயின் சுவிட்சுக்கு முன்னால் நாற்காலி போட்டு அக்காவின் மாமனார் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். பந்திக்குக் கூப்பிட்டும் எழவில்லை, சாப்பாட்டை அங்கேயே வரவழைத்துக்கொண்டார்.

"நீ நிம்மதியா தாலி கட்டிக்க மா. இத நான் பாத்துக்கறேன்" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார்.

இப்போது அவர் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் மெயின் சுவிட்சுக்கு முன்னால் யாராவது ஒருவர் இன்றும் நாற்காலி போட்டு உட்காருகிறார். நான் வருவதாக இருந்தால் மட்டும்.