பாம்புக் கடியும் குதிரை மருந்தும்

மேரு

அன்பு மச்சான் திருச்செல்வத்துக்குக் கமலநாதன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, என் முழங்கால் சம்மதிக்கவில்லை. சுங்கை வேயில் நீயும் உஷாராணியும் சுகம்தானே? போனில் பேசினால் உன் அக்கா சந்திரகலா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அதனால்தான் கடிதம்.

மகள் வாணியின் கல்யாணப் பந்தலுக்காகப் பூந்தொட்டிகளை நகர்த்தும்போது பாம்பு என் காலைக் கடித்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள், நானும் வீட்டுக்கு வந்து வருகிறவர்களிடமெல்லாம் வீரக்கதை அளந்துகொண்டிருந்தேன். அடுத்த வாரமே காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முழங்கால் பூசணிக்காய், விரல் மடங்கவே மாட்டேங்குது. பக்கத்து வீட்டு மகதலேனா அக்கா, "டாக்டர்கிட்ட போங்க லா" என்றார். உன் அக்கா கேட்டால்தானே. "நாகம்மா கோபம், மன்னிப்புக் கேளுங்க" என்று பாலும் முட்டையுமாகப் புற்றுக்கு இழுத்துப் போனாள். கடித்தது அது, மன்னிப்புக் கேட்டது நான். வீக்கம் கூடியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் புனிதா சிரிக்காமல் சொன்னார்: "பாம்பு மேல தப்பில்ல அங்கிள். அந்த மருந்து குதிரை ரத்தத்துல இருந்து எடுத்தது. உங்க உடம்பு அதை அந்நியன்னு நெனச்சு, எதிர்த்துப் போராட எதிர்ப்பொருள் செஞ்சிடுச்சு. ரெண்டும் ஒட்டிக்கிட்டு, கொத்துக்கொத்தா மூட்டுலயும் ரத்தக்குழாய்லயும் படிஞ்சிருக்கு. அதை அழிக்க வர்ற வெள்ளை அணு அடிக்கிற அடி உங்க சதைமேலயும் விழுது."

கொசுவை அடிக்கிறேன் என்று சொந்தக் கன்னத்தில் அறைகிற கதை. கிட்னியிலும் படியலாமாம், கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நல்லவேளை, சிறுநீர்ச் சோதனையில் ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்து, வந்த மாதிரியே போய்விடும் என்றார். மாப்பிள்ளை வேறு குதிரையில்தான் ஊர்வலம் வருவாராம், நான் யாரிடம் சொல்லி அழ?

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வாணி கையைப் பிடித்துத் தாரை வார்க்க வேண்டும். மடங்காத விரலை வைத்துக்கொண்டு எப்படிப் பிடிப்பேன்? மனசு கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், தாய்மாமன் நீ என் இடத்தில் நில். உன் அக்காவிடம் இப்போது மூச்சு விடாதே.

உஷாராணிக்கு என் அன்பு. மூட்டு வலி தெரியாத நீண்ட ஆயுளை முருகன் உங்கள் இருவருக்கும் தரட்டும்.

கமலநாதன்

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனித்தேன். இவ்வளவு எழுதியும் பேனா நழுவவில்லை. விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்குது மச்சான். வாணியைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தேன். "மெதுவாப்பா, வலிக்குது" என்றாள். அதனால் மேலே எழுதியதை மறந்துவிடு. நீ முன்வரிசையில் உட்கார். என் மகள் கையை நானே பிடித்துக் கொடுக்கிறேன்.