அடுப்புக்கு எஃப்.சி.

இந்தியாவிலேயே கேஸ் அடுப்புக்கு எஃப்.சி. பார்க்கிற ஒரே மனிதர் மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். லாரி ரோட்டில் ஓட லாயக்கானதுதான் என்று வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி வாங்குகிற சான்றிதழுக்குப் பெயர் எஃப்.சி. காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்த மனிதருக்குச் சோதித்துப் பார்க்க வேறு வண்டி கிடைக்கவில்லை. எங்கள் அடுப்படிகளுக்குள் நுழைந்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் எஃப்.சி. மாமா.

ஆயுத பூஜை நெருங்கினால் காக்கிச் சட்டையும் டார்ச் லைட்டுமாக வீடு வீடாக வருவார். வண்டிக்குப் பூஜை போடுகிற ஊரில் சோறு போடுகிற அடுப்பைச் சும்மா விடலாமா என்பது அவர் கட்சி. அடுப்பை உற்றுப் பார்த்தபடி, "ஸ்டார்ட் பண்ணு சாமி" என்பார். பற்றவைத்தால் காதைக் கொடுத்துக் கேட்பார். "லைட்டு சரி. பிரேக்குப் போடு." திருகை மூடியதும் தீ சட்டென்று நிற்க வேண்டும். ஹார்ன் வேலை செய்கிறதா என்று பார்க்கக் குக்கரை ஏற்றி, விசில் வரும்வரை நகர மாட்டார். அதற்குள் நாம் ஒரு காபி கொடுத்தாக வேண்டும்.

தீ மஞ்சளாக எரிந்தால் தொலைந்தோம். "வண்டி பொகை தள்ளுது. இத ரோட்டுல உடக்கூடாது" என்று திருகுகளைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பர்னரைத் தேய்த்துக் கழுவிக் காட்டும்வரை அந்த வீட்டுக்கு ஓட்டல் இட்லிதான்.

பாஸான அடுப்புக்கு மரியாதை தனி. நான்கு காலுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அடுப்பை மேலே ஏற்றி நசுக்குவார். அந்தச் சாற்றைத் துடைப்பது நம் பொறுப்பு. ஒரு வருஷம் பட்டறை வழக்கப்படி தெருவின் பர்னர்களையெல்லாம் ஒரே டிரம்மில் போட்டு டீசலில் ஊறவைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் காபியில் நாமக்கல் பைபாஸ் மணந்தது. அம்மா வாங்கு வாங்கென்று வாங்கியதில் டீசலை விட்டுப் புளித்தண்ணீருக்கு மாறினார். டிரம்மை மட்டும் விடவில்லை.

அந்த டிரம்மில்தான் என் கல்யாணம் முழுகப் பார்த்தது.

மாப்பிள்ளையை எனக்கு ஏற்கெனவே பிடிக்கும். சேலத்தில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். வாழப்பாடியில் இருந்த அவருடைய அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு. சகுனம் பார்ப்பதில் அவர் புலி. ஒரு தடவை எங்கள் வீட்டுக்கே கிளம்பி, பூனை குறுக்கே போனது என்று பாதி வழியில் திரும்பியவர். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கிளப்பியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

அன்றைக்குக் காலையில்தான் மாமா தெருவில் இருந்த பர்னர்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார். "ஒரு மணி நேரத்துல மாட்டித் தாரேன் அம்மிணி" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். பர்னர்கள் பளபளவென்றுதான் வந்தன. ஆனால் ஒரே டிரம்மில் ஊறியதில் எது எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை. எங்கள் அடுப்பில் ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று உள்ளே விழுந்தது. மூன்றாவதில் தீ இண்டிகேட்டர் போட்டதுபோல ஒரே பக்கமாகச் சுவரை நோக்கிப் பாய்ந்தது.

"ஒரு லாரி நட்டு இன்னொரு லாரிக்குச் சேருமே அம்மிணி" என்று மாமா தலையைச் சொறிந்தார்.

"இது லாரி இல்லீங்ணா, அடுப்பு" என்றாள் அம்மா. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடியும் தண்ணீர் குடித்தார்கள். "பஜ்ஜி வாசமே காணோமே?" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தபடி கேட்டார். பதற்றத்தில் அம்மா வாயைவிட்டாள்: "அடுப்பு எரியலீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம், வீட்டு அடுப்பு எரியலைன்னா என்ன அர்த்தம்? எழுந்திருடா, போகலாம்." மகன் என்னைப் பார்த்தார். பெரியவரின் ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது.

அப்போது, கார் வந்ததும் பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்கு ஓடியிருந்த மாமா கரி படிந்த கையோடு, லாரியில் சமைக்கிற பழைய பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நடுக் கூடத்தில் வைத்தார்.

"ஏனுங்க, எரியலைன்னு ஆருங்க சொன்னது? அடுப்பு எஃப்.சி.க்கு நிக்குதுங்க. எஃப்.சி.க்கு நிக்கற வண்டிய ஓடாத வண்டின்னு சொல்லுவீங்களா? வருசம் பூராவும் நடுவழில நிக்காம ஓடோணும்னுதானுங்க கழட்டிப் போட்டிருக்குது."

பதிலுக்குக் காத்திராமல் பம்ப் அடித்துப் பற்றவைத்தார். அது போட்ட இரைச்சலில் சுவரில் இருந்த சாமி படங்கள் நடுங்கின. பெரியவர் நீலத் தீயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு அடுப்பு ஆறு மாசமா மஞ்சளாத்தான் எரியுது" என்று இரைச்சலை மீறிக் கத்தினார். "அதையும் பார்த்துக் குடுப்பீங்களா?"

"கொண்டாங்க, பாத்துப் போடலாம். மொதல்ல பஜ்ஜி சாப்புடுங்க."

என் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது. என்னை யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

கல்யாணத்துக்கு மாமா ஒரு புது அடுப்பு கொடுத்தார். சுற்றிலும் சிவப்பு, மஞ்சள் பார்டர் அடித்து, பின்பக்கம் கொட்டை எழுத்தில் 'நேஷனல் பெர்மிட்' என்று எழுதியிருந்தார். மண்டபமே சிரித்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் அந்த எழுத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருல வேணாலும் ஓட்டு சாமி. எஃப்.சி.க்கு மட்டும் இங்கதான் வரோணும்."

இப்போது நாங்கள் வாழப்பாடியில் இருக்கிறோம். அடுப்பு ரிப்பேர்க் கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனாலும் ஆயுத பூஜை வந்தால் அடுப்பைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். அதில் ஒரு கோளாறும் கிடையாது. மாமாவைப் பார்க்காமல் எனக்கு வருஷம் ஓடாது.