வள்ளம் அண்ணாச்சி விற்ற செயற்கைக்கோள்

தூத்துக்குடியில் என் வயிற்றெரிச்சலை மொத்தக் குத்தகைக்கு எடுத்த மனிதர் ஒருவர்தான். வள்ளம் அண்ணாச்சி. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது என்றதும் முத்தையாபுரம் பக்கம் தொடங்கிய கம்பெனி எங்களுடையது. தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களைச் சொந்த உபயோகத்துக்காக, பேக்கரியில் பன் சுடுகிற மாதிரி வரிசையாகச் செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் முதலாளி, "வெளியாளுக்கும் விற்போம்" என்றார். முழுசாக அல்ல. உடல், சூரியத் தகடு, பேட்டரி நம்முடையது. வாங்குகிறவர் தம் தகவல் அனுப்பும் கருவியை அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் வெளி ஆர்டரைப் பிடிப்பவருக்கு மேனேஜர் நாற்காலி. போட்டியில் இரண்டே பேர். எம்.டெக். படித்த நான், இருபது வருஷம் ஃபைபர் மீன்பிடி வள்ளம் விற்றுவிட்டு வந்த அண்ணாச்சி.

நான் அறுபது ஸ்லைடு போட்டு விளக்குவேன். வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். அண்ணாச்சி ஒரே மூச்சில் முடிப்பார்.

"வள்ளம் எங்களுது, வல ஒங்களுது. எல்லாம் ஒரே அச்சு, அதான் சீக்கிரம் தாரோம். என்ன மீன் பிடிக்கியளோ ஒங்க பாடு!"

அவர்கள் சிரித்து, இன்னொரு டீ கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பன்னிரண்டு வேண்டுமாம். எங்கள் கிளீன் ரூமுக்குள் தூசிகூட அனுமதி வாங்கித்தான் நுழையும். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போனோம். முதல் உடலுக்கு அருகே போனதும் அண்ணாச்சி கையுறையைக் கழற்றினார். வள்ளத்தைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினார்.

தரக்கட்டுப்பாட்டுக்காரர் "அய்யோ!" என்று அலறினார். நான் மனசுக்குள் குலவையிட்டேன்.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதீய?" என்றேன்.

"சும்மா இருலே, சத்தம் கேக்கணும்."

ஒரு மூலையில் காதை வைத்தார். முகம் சுருங்கியது. "யம்மா, இது ஒங்களுக்கு வேண்டாம். இங்கன பச ஒட்டல."

சொந்தக் கம்பெனிச் சரக்கை வாங்காதே என்கிறார்! நாற்காலி எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மனைவிக்கு ஃபோன் போட்டு இனிப்புக்கு மக்ரூன் வாங்கி வைக்கச் சொன்னேன்.

ஸ்கேன் செய்தார்கள். அந்த மூலையில் உள்தகடு ஒட்டவே இல்லை. அந்த அம்மாள் என் ஸ்லைடுகளை மூடச் சொன்னார். "தன் பொருளையே வேண்டாம்னு சொல்ற ஆள்கிட்டதான் வாங்குவேன். பன்னிரண்டையும் இவர் தட்டிப் பார்த்துத் தரணும்."

வீட்டில் மக்ரூனைத் தின்றேன். வேப்பங்காயாகக் கசந்தது.

நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே, அந்தம்மா அலைவரிச என்ன, பேட்டரி எத்தன வருஷம் தாங்கும்னு கேக்காவ. எனக்கு ஒரு எழவும் தெரியாது. நீ பக்கத்துல இருந்தாத்தான் நான் வாயத் தொறப்பேன்."

"நான் எதுக்கு அண்ணாச்சி இருக்கணும்?"

"இல்லாட்டி மாட்டிக்கிடுவேன்லே!"

இருந்தேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவருக்கு வரும் ஃபோன்களை இன்றும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அந்த வள்ளக்காரருக்கு இங்கிலீஷே வரலையே. மேனேஜர் வேலையை நீங்களே பாருங்களேன்" என்றார். இரண்டு வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை! சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சார், அவரைக் குறை சொல்ல இங்க நான் ஒருத்தன் இருக்கேன். இன்னொருத்தர் வேண்டாம்."