ஈஃபா சித்தி

"கட்டிக்கப் போறவ பேரு என்னன்னு சொன்னே?" அசும்ப்டாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஈஃபா," என்றான் தம்பி மலாக்கி.

"பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லிட்டேன்க்கா. நாலும் ஒண்ணு மூஞ்சியை ஒண்ணு பார்த்துச்சு. 'எப்போ கல்யாணம்?'னு கேட்டுச்சு. அவ்வளவுதான்."

"அடப்பாவி, அது பயத்துல கேட்டதுடா!"

மலாக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. டெராவரா ஏரிக்கரையில் அந்தக் கதை தெரியாத பிள்ளையே கிடையாது. மனைவியை இழந்த ஒரு மன்னன். அவனுக்கு ஒரு பெண், மூன்று பையன்கள். இரண்டாந்தாரமாக வந்தவள் பெயர் ஈஃபா. குளிக்கலாம் வாங்க என்று பிள்ளைகளைக் கூட்டிப்போய், இதே ஏரியில் நான்கையும் அன்னங்களாக்கித் தொள்ளாயிரம் வருடம் அலையவிட்டாள்.

மலாக்கி மன்னன் இல்லை, பால் லாரி ஓட்டுகிறவன். மற்றதெல்லாம் அச்சு அசல். மூத்தவள் ஊனா, பின்னால் மூன்று பையன்கள். ஜன்னலைத் திறந்தால் ஏரி. மனைவி போன நாலு வருடத்தில் அவனைச் சிரிக்க வைத்த ஒரே ஆள் ஈஃபாதான். அவளையும் இழந்தால் தாங்கமாட்டான்.

"பேரை மாத்திச் சொல்லு," என்றாள் அக்கா.

சாப்பாட்டு மேசையில் சொன்னான்: "நான் தப்பாச் சொல்லிட்டேன். அவங்க பேரு ஈவா."

நாலு முகமும் தொங்கிப்போயின.

பயம் தெளியவில்லை போலும் என்று அன்னக் கதைப் புத்தகத்தைப் பரணில் ஒளித்தான். கடைக்குட்டி ஃபெர்கல் வீடெல்லாம் தேடிவிட்டு அழுதான்.

"அவங்க பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறாங்கடா. மந்திரம் மாயமெல்லாம் சுத்தமாத் தெரியாது. சத்தியம்!"

ஃபெர்கல் உருளைக்கிழங்கைத் தொடாமலே எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஈஃபா ஆப்பிள் கேக்கோடு வந்தாள். நாலு பிள்ளைகளும் கேக்கை விரலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஊனா கேட்டாள், "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா, ஈவா?"

"ஈவாவா? அது யாரு?"

மலாக்கி அவளை வாசலுக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். ஈஃபாவின் முகம் சிவந்துவிட்டது.

"என் பேருக்கு அழகு, ஒளின்னு அர்த்தம். வாளெடுத்துச் சண்டை போட்ட ஈஃபான்னு ஒருத்தி கதையில இருக்கா. அவளை நினைச்சு எங்கப்பா ஆசையா வச்ச பேரு. உனக்கு அந்தச் சூனியக்காரிதான் ஞாபகம் வந்தாளா?"

"பிள்ளைங்க பயப்படுதேன்னுதான்..."

"சனிக்கிழமை நீ லாரியை எடுத்துட்டுப் போ. நான் அதுங்களோட தனியா இருந்து பார்க்கிறேன். என்னைப் பிடிக்கலன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம்."

சனிக்கிழமை மதியம் வீடு திரும்பினால் மேசையில் ஒரு சீட்டு. 'ஏரிக்குக் குளிக்கப் போறோம். ஈஃபா.'

மலாக்கி சீட்டைக் கீழே போட்டான். ரப்பர் பூட்ஸோடு ஓடினான். கரையில் நாலு குவியலாகத் துணி. தண்ணீரில் நாலு அன்னம்.

கதையெல்லாம் நிஜமாகாது என்று மூளை சொன்னது. முழங்கால் கேட்கவில்லை, சேற்றில் மண்டியிட்டுவிட்டான்.

"ஊனா! ஃபெர்கல்! அப்பா வந்துட்டேன்டா!"

பெரிய அன்னம் சீறிக்கொண்டு கொத்த வந்தது.

"ஊனா, நான்தாம்மா, அப்பா!"

"யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

படகுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஈஃபா துண்டுகளோடு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "மலாக்கி, என் நிஜப் பேரைச் சொன்னதும் நாலும் ஓடிவந்து கட்டிக்கிச்சு! ஏரிக்குப் போலாம்னு கேட்டதே அதுங்கதான். ஆனா அரை மணி நேரமாத் தண்ணிக்குள்ளயே நிக்குதுங்க. எவ்வளவு கூப்பிட்டாலும் வர மாட்டேங்குதுங்க."

மலாக்கி கொட்டகையைச் சுற்றி ஓடினான். இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேரும் கைகளை அகல விரித்தபடி வரிசையாக நின்றார்கள். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

ஃபெர்கல் பல் கிடுகிடுக்கச் சொன்னான்: "ஒரு இறகுகூட முளைக்கலப்பா! முறையா சித்தி ஆனாத்தான் பலிக்கும்னு ஊனா சொல்றா. நாளைக்கே கல்யாணம் பண்ணிக்கோப்பா!"