ஆகாசம் சாரின் வலது நாற்காலி

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மலையைச் சுற்றத்தான் வருவார்கள். மலையில் மோதாமல் இருப்பது எப்படி என்று படிக்க வந்த ஒரே ஆசாமி ஆகாசம் சார்தான். பந்தயம் கட்டியே சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர். அங்கே வந்து தங்கிய ஆகாசம் சார், வாடகை விமானம் ஓட்டும் கேப்டன். கல்யாணத்துக்கு வேன் பேசுகிற மாதிரி விமானம் பேசுகிற பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு பறப்பவர். கேப்டன்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரீட்சை உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம்மைப் பத்தாம் வகுப்போடு விட்ட சனியன் அவரை ஐம்பத்தைந்து வயதிலும் விடவில்லை. நிஜ விமானம்போலவே ஆடும் ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து எஞ்சினை அணைப்பார்களாம், நெருப்பு என்பார்களாம். பின்னால் ஒருவர் உட்கார்ந்து மார்க் போடுவாராம்.

அந்த வருஷம் சார் ஃபெயில். எஞ்சின், நெருப்பு எல்லாவற்றையும் ஊதித் தள்ளியவர், பக்கத்து நாற்காலித் துணை விமானி "வேகம் அதிகம், இறக்க வேண்டாம்" என்றதைக் காதில் வாங்காமல் இறக்கிவிட்டார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் கேப்டன் பதவி போய்விடும், அப்புறம் அவரே துணை விமானிதான்.

காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் விமானத்தின் முன்பகுதியை வரைந்து அறைச் சுவரில் ஒட்டினார். எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இடதில் அவர், வலதில் நான். அவர் வேண்டுமென்றே தப்பு செய்வார், நான் தடுக்க வேண்டும். லாட்ஜ் மேனேஜரிடம் கொடுக்கிற வேலையா இது? "சரிங்க சார்" தவிர வேறெதுவும் வராத நாக்கு என்னுடையது. நாலே நாளில் பதினோரு தடவை விழுந்து நொறுங்கினோம்.

ஐந்தாம் நாள் சார் திடீரென்று தலையைத் தொங்கப்போட்டார். நான் பதறி ஓடி, சோடா வாங்கி வந்து முகத்தில் அடித்தேன்.

"யோவ் மேனேஜர்! கேப்டன் மயங்கினா ரெண்டு தடவ கூப்பிடணும். பதில் இல்லன்னா நீ ஓட்டணும். சோடா வாங்க நடு ஆகாசத்துல எங்கய்யா எறங்கிப் போன?"

சாப்பாடு கொண்டுவந்த மெஸ் அக்கா வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். கீழே மெஸ் நடத்துபவர். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் ஆபீசர்களே வந்தாலும் "மொதல்ல கைய கழுவிட்டு வாங்க" என்று விரட்டுகிறவர். சாருக்குப் பொறி தட்டியது. என்னை எழுப்பிவிட்டு அக்காவை உட்காரவைத்தார். மூன்றே நாளில் அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம்.

"வேகம் ஜாஸ்தி சார்."

"பரவால்லம்மா, சமாளிச்சுக்கலாம்."

"இன்னா சமாளிக்கிறது? ஐந்நூறு அடிக்கு வந்தாச்சி. எறக்காதீங்க, மேல தூக்குங்க."

"இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறேம்மா..."

"நாங்கூட இருபது வருஷமா சோறாக்கறேன். உப்பு ஜாஸ்தின்னு ஒருத்தர் சொன்னா வாயில வெச்சுப் பாக்கறனா இல்லியா? தூக்கறீங்களா, நான் போயி ரசத்த எறக்கட்டுமா?"

சார் தூக்கவில்லை. அக்கா எழுந்து போயே போய்விட்டார்.

காலி நாற்காலியைப் பார்த்தபடி சார் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கீழே இறங்கி, இலை போட்டு இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெஸ்ஸின் நடுவில் நின்றார்.

"தூக்கறேம்மா. வந்து உக்காருங்க."

"பந்தி முடியட்டும், வரேன்" என்றார் அக்கா.

பரீட்சைக்குக் கிளம்பிப் போனவர் பத்து நாள் கழித்து லாட்ஜுக்குப் போன் போட்டார். என்னை நலம்கூட விசாரிக்காமல் அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அவர் குரலுக்குப் போனே தேவையில்லை, எனக்கும் கேட்டது.

"பாஸாயிட்டேம்மா! பக்கத்துல இருந்தவர் மெதுவாத்தான் சொன்னாரு, வேகம் அதிகம்னு. ஒடனே தூக்கிட்டேன்."

"அவரு சொன்னது சரின்னு தூக்கினீங்களா, நான் திட்டுவேன்னு தூக்கினீங்களா?"

"நீங்க திட்டுவீங்கன்னுதாம்மா."

அத்தனை ஜம்பம் பேசிய மனிதர் அதை ஒளிக்காமல் சொன்னாரே, அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.