உங்கள் மகன் எழுதிய என் கட்டுரை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நான் நலமில்லை. ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது. அங்கு தாங்கள் சௌக்கியம் என்பது நேற்றுத் தொலைபேசியில் பேசிய தோரணையிலேயே தெரிந்தது. தங்கைக்கு என் அன்பு.

காலமெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ஆசைப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். உங்கள் மகனும் அதே வகுப்பு. கணினியைச் சரிசெய்து தருகிறேன் என்று வீட்டுக்கு வந்தவன், நகர வாழ்க்கை பற்றி நான் மாங்கு மாங்கென்று எழுதி வைத்திருந்த கட்டுரையைச் சத்தமில்லாமல் சுட்டுக்கொண்டு போய், தன் பெயரில் கொடுத்துவிட்டான். திருடியதுதான் திருடினான், ஒரு தடவை படித்தாவது பார்த்தானா? நான் 'என் மனைவி' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'என் அம்மா' என்று மாற்றியதோடு சரி. நான் கொடுத்ததும் அவன் கொடுத்ததும் ஒரே கட்டுரை என்று கண்டுபிடித்த பேராசிரியை, அவனுடையதை வகுப்பிலேயே வாய்விட்டுப் படிக்கிறார்: "என் அம்மாவை முதன்முதலில் பேருந்து நிறுத்தத்தில்தான் பார்த்தேன். பார்த்த கணமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்தேன்." வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்த அம்மா உங்கள் மனைவி, என் தங்கை! நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

"நீங்க கொடுத்தீங்களா, அவன் எடுத்தானா?" என்றார் துறைத் தலைவர். "எடுத்தான்" என்றேன். உங்கள் அருமைப் புதல்வன் கூசாமல், "மாமாதான் சார் கொடுத்தாரு" என்கிறான். கொடுத்தவனுக்கும் பூஜ்யம்தானாம், பதிவேட்டில் கறுப்புப் புள்ளியாம். நியாயம் கேட்டு உங்களுக்குப் போன் போட்டால் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"சின்னப் பையன் மச்சான், அவன் வாழ்க்கை வீணாயிடும். கொடுத்தேன்னு ஒத்துக்கிட்டுப் போங்களேன். நீங்க படிச்சு வேலைக்கா போகப் போறீங்க?"

வேலைக்குப் போகாதவனுக்கு மானம் கிடையாதா? கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டு, முதுகு ஒடிய உக்காந்து எழுதினவன் நான். அவன் திருடுனதுகூடப் பெருசில்ல. அந்தத் திருட்டுக்கு என்னையே கூட்டாளி ஆக்கப் பாத்தீங்களே, அதுதான் வயிறு எரியுது. அவன் உண்மையைச் சொல்லும்வரை உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன்.

மகனுக்கு நல்ல புத்தியும், தங்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வாய்க்க வாழ்த்தும்,
தங்கள் மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டினார்கள். உங்கள் மகன். துறைத் தலைவரிடம் நேரே போய், "நான்தான் சார் திருடினேன், மாமாவுக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பூஜ்யம் அவனுக்கு மட்டும்தான். "வாயத் திறக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு மாமா. இப்ப வீட்டுக்குப் போனா தொலைஞ்சேன். இங்கயே இருந்துக்கவா?" என்கிறான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஆகவே, மேலே அவனைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்களைத் திட்டியது அப்படியே இருக்கட்டும்.